உஷார்! ரேடியேட்டர் அடியில் சொட்டுகிறதா? சூட்டோடு கை வைக்காதீர்கள்

காரை வெளியே எடுத்த பிறகு போர்ட்டிகோ தரையைப் பார்க்கிறீர்கள். பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ உள்ளங்கை அளவு ஈரம். குனிந்து பார்த்தால் ரேடியேட்டரின் அடிமூலையில் ஒரு பிளாஸ்டிக் திருகு, அதன் நுனியில் ஒரு சொட்டு. அடுத்து நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். டிக்கியில் கிடக்கும் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, அந்தத் திருகைப் பிடித்து ஒரு முறுக்கு. “லேசாத்தான் சொட்டுது, கொஞ்சம் டைட் பண்ணா நின்னுடும்” என்று பக்கத்தில் நிற்பவரும் சொல்வார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டி ஓடி வந்த சூட்டில் அறவே செய்யாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். மூடியின் மேலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். அடியில் இருக்கும் அந்தத் திருகில், அதாவது கூலன்டை வடிக்கும் டிரெயின் காக்கில், அப்படி எதுவும் இருக்காது. அதனாலேயே அதைப் பற்றி யாருக்கும் பயமில்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் நிற்பது ஒரே வெந்நீர், ஒரே அழுத்தம். மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் இருக்கும், பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அவ்வளவை அந்த மூடி உள்ளே தேக்கி வைக்கிறது என்று அர்த்தம். வெளியே 100 டிகிரியில் கொதித்துவிடும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே. வழி கிடைத்த கணத்தில் அழுத்தம் விழும், அதுவரை அடங்கியிருந்த திரவத்தில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகச் சீறும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது. ரேடியேட்டரின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிடச் சற்றுச் சூடு குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் 60 டிகிரித் தண்ணீரே ஐந்தாறு விநாடியில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும்.

நீங்கள் படுத்திருக்கும் நிலையையும் யோசியுங்கள். மேல் மூடியைத் திறப்பவர் நிற்கிறார், சீறினால் பின்னால் பாய்ந்துவிடலாம். பம்பருக்கு அடியில் கிடப்பவர் எங்கே போவார்? அந்தத் திருகு இருப்பது அவர் முகத்துக்கு நேர் மேலே. கையைத் தூக்கிப் பிடித்திருப்பதால், வழிவது மணிக்கட்டில் இறங்கிச் சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கை வரை ஓடும். துணி அதைக் குடித்துக்கொண்டு தோல்மேல் படிந்துகொள்ளும். அப்படிப் பட்டுவிட்டால் துணியை உடனே அகற்றி, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். தோலோடு ஒட்டிவிட்ட துணியைப் பிய்க்கக் கூடாது. டூத்பேஸ்ட், பேனா மை, மஞ்சள், ஐஸ் கட்டி, எதுவுமே வேண்டாம். முகத்திலோ கண்ணிலோ பட்டால் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்று கேட்டால், ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுங்கள் என்றுதான் சொல்வேன். அரை மணி நேரம் போதாது. இன்ஜினை அணைத்ததும் தண்ணீர்ப் பம்பு நின்றுவிடுகிறது, இன்ஜின் உலோகத்தின் சூடு மட்டும் கூலன்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அணைத்த கொஞ்ச நேரத்துக்குச் சூடு குறையாது, கூடும். மேல் ஹோஸைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். குளிர்ந்து, மெத்தென்று அமுங்க வேண்டும். விறைப்பாக நின்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, எழுந்து போய்விடுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேனும் ஆபத்துதான். பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும். விரல் அங்கே போகும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள்.

இனி, முறுக்கினால் ஏன் நிற்காது என்பதைச் சொல்கிறேன். வீட்டுக் குழாய் சொட்டினால் இறுக்கி மூடிப் பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதில்தான் கேடு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் ரேடியேட்டர் முழுக்கச் செம்பும் பித்தளையும். அதன் திருகை ஸ்பானர் போட்டு இறுக்கினாலும் தாங்கும். விரிசல் விட்டால் ரேடியேட்டர் கடைக்காரர் ஈயம் வைத்து ஊதிக் கொடுத்துவிடுவார். இன்றைய கார்களில் நடுவே அலுமினிய வலை, இரு பக்கமும் கண்ணாடி இழை கலந்த நைலான் தொட்டி. இரண்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்து, அலுமினிய விளிம்பை மடக்கிக் கவ்வ விட்டிருப்பார்கள். டிரெயின் காக்கும் பிளாஸ்டிக், அது உட்காரும் மரையும் பிளாஸ்டிக். அந்த மரை தண்ணீரைத் தடுப்பதில்லை. திருகைப் பிடித்து வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. கசிவை நிறுத்துவது திருகின் கழுத்தில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங். வளையம் போய்விட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பிளாஸ்டிக்தான் முறியும்.

ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டியிலிருந்து அந்த ஓ-ரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் விளங்கும். புதிதில் உருண்டையாக இருந்தது ஒரு பக்கம் தட்டையாகி, சதுர விளிம்பு விழுந்திருக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்காது. லேசாக வளைத்தால் வெளிப்பக்கத்தில் மெல்லிய கீறல்கள் திறக்கும், இன்னும் வளைத்தால் பட்டென்று ஒடியும். அது உட்கார்ந்திருந்த குழியில் வெள்ளையோ பச்சையோ படிந்த உப்பு, தொட்டால் நறநறக்கும். இத்தனை நாள் கூலன்டைத் தடுத்து வைத்திருந்தது இந்தத் துண்டுதான். இதன் விலை சில ரூபாய். காக்கோடு சேர்த்தே வாங்கினாலும் பெரும்பாலான சின்னக் கார்களுக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடியும். முறுக்கித் தொட்டியை விரிசல் விடவைத்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். திருகின் தலை ஒடிந்து தண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டால், அதை நோண்டி எடுப்பதற்குள் மரையும் போய்விடும்.

ஏதோ ஒரு ரப்பர் வளையம் இருந்தால் போதாது என்பதையும் கவனியுங்கள். ஹார்டுவேர் கடையில் குழாய் வாஷர் டப்பாவிலிருந்து அளவு பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பது கூலன்டின் சூட்டுக்கு ஆனதாக இராது. கூலன்டுக்கு ஏற்றது இ.பி.டி.எம். ரப்பர். அந்த ரப்பருக்குப் பெட்ரோலிய கிரீஸ் ஆகாது, தடவினால் ஊதிப் பருத்துக் கெட்டுவிடும். வழுக்கலுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கொஞ்சம் கூலன்டையே விரலில் தொட்டுத் தடவினால் போதும். வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொல்லி அந்த வண்டிக்கான காக்கையே வாங்கிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

வாங்கக் கிளம்பும் முன் ஒன்று. சொட்டு காக்கிலிருந்துதான் வருகிறதா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். ரேடியேட்டரிலேயே தாழ்ந்த இடம் அது. மேலே தொட்டி இணைப்பில் கசிந்தாலும், கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்தாலும், தண்ணீர் ஓரமாக வழிந்து வந்து கடைசியில் காக்கின் நுனியில்தான் சொட்டும். பழி இதன் மேல் விழும். குளிர்ந்த வண்டியில் அந்தப் பகுதி முழுவதையும் துணியால் உலரத் துடைத்துவிட்டு, காக்கின் கழுத்தைச் சுற்றி ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கட்டுங்கள். மேலே இணைப்பிலும் ஹோஸ் முனையிலும் ஒவ்வொன்று. கொஞ்ச நேரத்தில் எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாத வெறும் தண்ணீர், அதுவும் ஏசி போட்ட பிறகு மட்டும் சொட்டினால், அது ஏசியில் குளிர்ந்து வடியும் நீர். அதற்காக யாரும் படுக்க வேண்டாம். கூலன்ட் நிறமாக இருக்கும், விரலில் வழுவழுக்கும், ஒருவித இனிப்பு வாடை வரும்.

காக்தான் குற்றவாளி என்று தெரிந்தால், அதை மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் அடியில் புகுவதற்காகக் காரைத் தூக்க வேண்டி வந்தால், ஸ்டெப்னி மாற்றத் தந்திருக்கும் ஜாக்கியை நம்பி உடம்பை உள்ளே விடாதீர்கள். அது சக்கரம் மாற்ற மட்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்காமல் நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்ட் இல்லையென்றால் தூக்காமலே, முன்பக்கக் கிரில் வழியாகவோ பம்பரின் அடிவிளிம்பு வழியாகவோ கை எட்டுகிறதா பாருங்கள். எட்டவில்லையா, ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் எந்தச் சமாதானத்துக்கும் வரமாட்டேன். காருக்கு அடியில் நசுங்கியவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

குளிர்ந்த இன்ஜின், சமதரை, ஹேண்ட்பிரேக், கழற்றிய பேட்டரி ஒயர், கீழே அகலமான பேசின், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. முதலில் மேல் மூடியைத் துணி போட்டு மெல்லத் திறந்து வையுங்கள். பிறகு காக். சில கார்களில் அது சுற்றிச் சுற்றிக் கழலும். சிலவற்றில் கால் சுற்றுத் திருப்பி வெளியே இழுக்க வேண்டும். தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உடையும். சில கார்களில் காக்கே கிடையாது, கீழ் ஹோஸைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இது இருக்கும், ஐந்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். விரலால் திரும்பாத காக்கை பிளேயரால் திருப்ப முயலாதீர்கள். வடிந்ததும் ஓ-ரிங் உட்காரும் இடத்தை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே மறுபடி ஒழுகும். புதிய காக்கை மரையில் கோணாமல் உட்காரவைத்து விரல் பலத்தில் இறுக்குங்கள். ரப்பர் அமுங்கி நின்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

இங்கேதான் எம்-சீலும் டெஃப்லான் டேப்பும் வெளியே வரும். மரையே சீலாக வேலை செய்யும் குழாய்க்கு டேப் சரி. இங்கே மரைக்கு அந்த வேலையே இல்லாததால் டேப்பும் பயனற்றது. கூடவே மரையைத் தடிமனாக்கிப் பிளாஸ்டிக்கை விரியவைக்கும், பிய்ந்த துண்டு உள்ளே போகும். எம்-சீல் வெளியே கல்லாக நிற்கும், உள்ளே பிளாஸ்டிக் சூட்டில் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் நெடுஞ்சாலையில் அது மொத்தமாகக் கழன்றால் சொட்டு சொட்டாகப் போகாது, எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிடும்.

மஞ்சள் தூள் இன்னொன்று. லாரி டிரைவர்கள் நடுக்காட்டில் வழியில்லாமல் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டி ஊர் போய்ச் சேர்ந்த கதைகளை எல்லாரும் கேட்டிருப்போம். பழைய ரேடியேட்டரின் அகலமான குழாய்க்கும், ஆபத்து நேரத்து ஓட்டத்துக்கும் அது ஒரு வழியாக இருந்திருக்கலாம். வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அதைச் செய்யாதீர்கள். இன்றைய ரேடியேட்டரின் குழாய்கள் மிக மெல்லியவை. அந்த மஞ்சளுக்கு எங்கே ஓட்டை, எங்கே வழி என்று தெரியாது. ஓட்டையை அடைப்பதுபோலவே வழியையும் அடைக்கும். முட்டை வெள்ளைக்கருவும் அப்படித்தான். கடையில் விற்கும் அடைப்பு மருந்துகளையும் கசியும் காக்குக்கு ஊற்றாதீர்கள். கையெட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் கெட்டதற்கு இன்ஜின் முழுக்க மருந்து ஓடவிடத் தேவையில்லை.

“சொட்டுதான், ஒரு வாரம் தண்ணி ஊத்திக்கிட்டே ஓட்டலாம்” என்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பானட்டைத் திறந்து ரிசர்வ் டேங்கைப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று திருப்திப்படுகிறீர்கள். அது உங்களை ஏமாற்றலாம். இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் உண்டாகும் வெற்றிடம்தான் ரிசர்விலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்கிறது. காக் வழியாகக் காற்று புகுந்தால் அந்த வெற்றிடம் உண்டாவதே இல்லை. ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போக, ரிசர்வ் டேங்க் நிரம்பியபடியே நிற்கும். குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து கழுத்து வரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கணக்கு.

டாஷ்போர்டு முள்ளும் அப்படியே கைவிடும். சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் முழுகியிருந்தால்தான் உண்மை சொல்லும். கூலன்ட் வடிந்து சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் இருந்தால், இரும்பு எரிந்துகொண்டிருக்கும்போதே முள் நடுவில் நிற்கலாம், கீழேகூட இறங்கலாம். பல புதிய கார்களில் முள்ளே இல்லை, ஒரு விளக்கு மட்டும்தான். முள்ளோ விளக்கோ சொல்வதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், ஹெட் கேஸ்கெட் போய்விடும், ஆயிலில் தண்ணீர் கலந்துவிடும். சில நூறு ரூபாய் வேலை பல்லாயிரம் ரூபாய் இன்ஜின் வேலையாக மாறுவது இந்த இடத்தில்தான். இனிப்பு வாடை, இழுவை குறைவது, இன்ஜின் தட்டும் சத்தம், சிவப்பு விளக்கு, இவற்றில் எது வந்தாலும் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். “இன்னும் நாலு கிலோமீட்டர்தான்” என்ற கணக்கு வேண்டாம். பச்சைத் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றவும் வேண்டாம், உலோகம் விரிசல் விடும்.

புதிய காக் போட்ட பிறகு நிரப்புவதிலும் அவசரம் ஆகாது. போர் தண்ணீர் கூடவே கூடாது. அதன் உப்பு உள்ளே படிந்து மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். உங்கள் வண்டிக்குச் சொன்ன கூலன்டை வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வகை என்று நம்பிக் கலக்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. கேனில் ‘ரெடி டு யூஸ்’ என்று இருந்தால் அப்படியே ஊற்றுங்கள். கான்சென்ட்ரேட் என்றால் சொன்ன விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்த பிறகுதான். மெதுவாக ஊற்றினால் காற்று வெளியேறும். காற்று உள்ளே சிக்கினால் அதுவே ஓவர்ஹீட்டுக்குக் காரணமாகும், அதை வெளியேற்றும் முறை காருக்குக் கார் வேறு, புத்தகத்தைப் பாருங்கள். முதலில் இன்ஜின் ஓடாமல், அடியில் காய்ந்த அட்டையை விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மூடியைப் போட்டு, கழற்றிய பேட்டரி ஒயரை மாட்டி, இன்ஜினைச் சூடேற்றி, எட்ட நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறிய நிலையில் சொட்டாதது அழுத்தத்தில் சொட்டலாம். அப்போது கையை உள்ளே விடாமல், மறுபடி முழுக்க ஆறும்வரை காத்திருங்கள். மறுநாள் காலை மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள், அடுத்த சில நாட்களும் அப்படியே. ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், அவற்றில் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் சுற்றும் இருக்கும்.

கடைசியாக அந்த பேசினில் இருப்பது. கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். அது இனிப்பாக இருக்கும், அதுதான் கொடுமை. குடித்தவுடன் போதை ஏறியதுபோல் தள்ளாட்டம் தெரியும், பிறகு கொஞ்சம் தெளிந்ததுபோலவும் தோன்றலாம். அதற்குள் உடம்பில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழித்துக்கொண்டிருக்கும். ஒரு பூனையைக் கொல்லச் சில ஸ்பூன்களுக்குள்ளான அளவே போதும். தெரு நாய்க்கும், தவழும் குழந்தைக்கும் போர்ட்டிகோ தரையில் தேங்கிய அந்த ரோஸ் தண்ணீர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சிந்தியதை மணல் அல்லது மரத்தூள் போட்டு ஒற்றி எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல், கூலன்ட் கேனையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு கொடுத்தால்தான் பலன். நாயோ பூனையோ நக்கிவிட்டால் கால்நடை மருத்துவரிடம் அதே வேகத்தில்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாழை மரத்தடியிலோ கொட்டாதீர்கள், தண்ணீர் பாட்டிலில் ஊற்றியும் வைக்காதீர்கள். இறுக்கமான மூடியுள்ள பழைய ஆயில் கேனில் ஊற்றி, மேலே ‘விஷம்’ என்று மார்க்கரில் பெரிதாக எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள்.